கோபுரத்து மேல் ஏற்றம்

ஏப்ரல் 28, 2023, வெள்ளி. மேற்கு மாம்பலம்.

பெட்டி கட்டியாயிற்று. குடை, கம்பளி, ஊறுகாய் மூன்றையும் மறக்க வேண்டாம் என்று சுற்றுலா நிறுவனத்தின் தாள் தடித்த எழுத்தில் சொல்கிறது. பன்னிரண்டு நாளில் ஏழு நாடு. கூடவே ஒரு சமையல்காரர் வருகிறார். ஐரோப்பாவைப் பார்த்தால் போதும், தின்ன வேண்டியதில்லை என்பது ஏற்பாடு.

அக்கா மகள் சாருலதா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"எழுபத்தாறு வயசுல தனியா எதுக்கு மாமா இந்த அலைச்சல்?"

"ஒரு கட்டடத்தைச் சரிபார்க்கணும்."

"எந்தக் கட்டடம்?"

"ஜெர்மனியில கொலோன் பேராலயம்."

"தப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க? இடிக்கச் சொல்லுவீங்களா?"

சரிபார்க்க வேண்டிய விஷயத்தை இங்கே குறித்து வைக்கிறேன். நான் சபாநடேசன். 1978இல் திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில் இயங்கிய 'இளையோர் அறிவுத் திரட்டு' என்ற கலைக்களஞ்சியத்தில் உதவி ஆசிரியர். உலகத்தை அகர வரிசைப்படி எழுதிக்கொண்டிருந்தோம். ஆறு தொகுதிகள் வந்தன. ஆறாவது சிங்கத்தோடு முடிந்தது; புலிக்கு நிதி ஒதுக்கவில்லை.

ஐந்தாம் தொகுதியில் 'கொலோன் பேராலயம்' என்ற இருபத்திரண்டு வரிக் கட்டுரை என்னுடையது. நான் செங்கல்பட்டுக்கு வடக்கே, எண்ணூருக்குத் தெற்கே மட்டுமே நடமாடிக்கொண்டிருந்த காலம். ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்து எழுதுவோம். படத்தை ஓவியர் வரைவார். ஓவியர் மிஸ் ஜெசிந்தா, திருச்சிக்காரர். நூலகத்திலிருந்து வந்த ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து அவர் வரைந்து கொடுத்த பேராலயத்தில், கோபுரம் பாதியில் மொட்டையாக நின்றது. அது எனக்கு உறுத்தவில்லை. நம் ஊரில் மொட்டைக் கோபுரங்களுக்குப் பஞ்சமில்லை. உறுத்தியது அதன் உச்சியில் இருந்த சாமான். சாய்ந்த ஒரு பெரிய மரம், அதன் நுனியிலிருந்து தொங்கும் கயிறு. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம், அப்படியே.

"ஏம்மா, கோபுரத்து மேல ஏற்றம் வெச்சு யாருக்குத் தண்ணி எறைக்கிறாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். பதினோரு பேர் சிரித்தார்கள். ஏற்றத்தை நீக்கிவிடும்படி சொன்னேன். அவர் பாதி பிளேடை எடுத்து, எல்லோரும் பார்க்க, மை உலர்ந்த அட்டையிலிருந்து அதைச் சுரண்டி எடுத்தார். அதன்பின் அலுவலகத்தில் யார் தண்ணீர் கொண்டுவந்தாலும் 'கோபுரத்துத் தண்ணி' என்று பெயர். இரண்டு மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டுத் திருச்சிக்குப் போனார். அங்கே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் என்பது ஐம்பத்தெட்டு நாள், சரியாகச் சொன்னால்.

இணையம் வந்த பிறகு பேராலயத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு கூரிய கோபுரங்கள். ஏற்றம் எதுவும் இல்லை. ஆக நான் சொன்னதுதான் சரி. இருந்தாலும் படத்தை நம்பி ஒரு விஷயத்தை முடித்துவிடக் கூடாது. நேரில் பார்த்துக் கணக்கை மூட வேண்டும். சுரண்டுவதற்கு முன் எடுத்த அச்சுப் படி ஒன்று என்னிடம் இருக்கிறது. சான்றுக்காகப் பத்திரப்படுத்தியது. அதையும் பெட்டியில் வைத்தேன், வேட்டிகளுக்கு நடுவில், மடங்காமல்.

மே 2, செவ்வாய். பாரிஸ்.

ஒரு அறைக்கு இரண்டு பேர். என் அறையின் இன்னொரு கட்டில் மேட்டூர் தெய்வசிகாமணிக்கு. அணையில் மதகுகளையும் பாரங்களையும் தூக்கி இறக்கும் எந்திரங்களோடு முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் மகன் எடுத்துக் கொடுத்த இரண்டு இடங்களில் ஒன்றில் மட்டும் வந்திருக்கிறார்.

"சாருக்கு வூட்ல வரலீங்களா?"

"வீட்டில் யாரும் இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை."

"அதுவும் நல்லதுதானுங்க" என்று படுத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்து இருந்தாற்போல், "ஏனுங்க?" என்றார்.

நேரம் அமையவில்லை என்றேன். எழுபத்தாறு வருஷத்தையும் மனதில் கூட்டிப் பார்ப்பவர்போல உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 4, வியாழன். பாரிஸ்.

இரும்புக் கோபுரம் பார்த்தோம். எலுமிச்சை சாதம்.

மே 6, சனி. பிரஸ்ஸல்ஸ்.

பேருந்தில் சுற்றுலா மேலாளர் கிருபாகரன் வரும் நாட்களின் திட்டத்தை ஒலிபெருக்கியில் வாசித்தான். "கொலோன், ஃபோட்டோ ஸ்டாப், நாற்பது நிமிஷம்" என்று காதில் விழுந்ததும் எழுந்து முன்னால் போனேன்.

"தம்பி, நாற்பது நிமிஷத்தில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா?"

"உள்ளயா? எதுக்கு அங்கிள்? வெளிய இருந்தே ஃபுல்லா தெரியும். உள்ள ஒரே இருட்டு."

"அதை எத்தனை வருஷம் கட்டினார்கள் தெரியுமா?"

"எவ்ளோ?"

"அறுநூற்று முப்பத்திரண்டு."

"அவங்களுக்கு டைம் இருந்துச்சு அங்கிள். நமக்கு மூணு மணிக்கு ரைன்ல போட் இருக்கு."

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

சாக்லேட் கடையில் இரண்டு அம்மாள்கள் ஐம்பது நிமிஷம் தாமதித்தார்கள். பேருந்து காத்திருந்தது. முப்பத்தெட்டுத் தலை எண்ணி முடியாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதியாம். கிருபாகரன் மூன்று முறை எண்ணினான். அவனுக்கு இந்த வேலையில் இது ஒன்றுதான் வேத வாக்கு.

மே 7, ஞாயிறு. ஆம்ஸ்டர்டாம்.

துலிப் தோட்டம். பூக்களை விடப் படம் எடுப்பவர்கள் அதிகம். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஐந்தாம் தொகுதியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி ஜன்னல் ஓரம் ஓவியரின் மேஜை. மைக்கூடு, நிப்புகள், பிளேடு, மழை வந்தால் அட்டைகளை மூட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. பதினோரு மணித் தேநீருக்கு நான் அந்தப் பக்கம் போவது உண்டு. கட்டுரையும் படமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது உதவி ஆசிரியரின் கடமை. 'கங்காரு'வுக்குப் பையை எந்தப் பக்கம் திறப்பது என்று இருபது நிமிஷம் பேசியிருக்கிறோம். 'கிரீன்லாந்து' வரையும்போது அவர் சொன்னார்: "எந்த ஊரையும் பாக்காமலே நீங்க எழுதுறீங்க, நான் வரையுறேன். ஒரே ஒரு ஊரையாவது நேர்ல போய்ப் பாக்கணும் சார்." எந்த ஊர் என்று கேட்டேன். "எதோ ஒண்ணு. 'கொ'வுக்குள்ள" என்று சிரித்தார். யாரோடு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேக்கில் எனக்குத் தனியாக ஒரு துண்டு டிரேசிங் தாளில் மடித்து இருக்கும். டிரேசிங் தாள் அலுவலகச் சொத்து. நான் புகார் செய்யவில்லை.

சாயங்காலம் அச்சுப் படி கசங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க சார் அது, படம்?"

விவரம் சொன்னேன். ஏற்றத்தைக் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை விளக்கடியில் பிடித்தார்.

"ஏத்தமுங்களா? யாருங்க சொன்னது?"

"நான்தான்."

"இது கிரேனுங்க சார். இந்தா பாருங்க, இந்த மரம் சும்மா ஒத்தக் கட்டயில நிக்கல. கீழ கூண்டு இருக்குது. கூண்டோட சேந்து சுத்தும். கவுறு உச்சி வழியா ஏறி அந்தப் பக்கமா எறங்குது பாருங்க, உள்ளார சக்கரத்துல சுத்துறதுக்கு. ஏத்தத்துல கவுறு ஏனுங்க திரும்பி வருது?"

"அறுநூறு வருஷத்துக்கு முன்னால கிரேன் ஏது?"

"கிரேன் இல்லாம அம்மாம் பெரிய கல்ல மேல கொண்டு போனவன் எவனுங்க? மந்திரமா போட்டான்?"

தாளை வாங்கி மடக்காமல் வைத்தேன். ஒரு மதகுக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாது. ரசம் சாதம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 8, திங்கள். காலை, பேருந்தில்.

நெரிசல். நாற்பது நிமிஷம் இருபத்தைந்தாகச் சுருங்கும் என்று கிருபாகரன் அறிவித்தான். மொத்தப் பேருந்தும் கைதட்டியது, படகுக்கு நேரத்தில் போய்விடலாம் என்று.

தெய்வசிகாமணி என் காதருகே குனிந்தார்.

"நீங்க மெதுவா பாருங்க சார். நான் தொலஞ்சு போறேன்."

"என்ன?"

"முப்பத்தெட்டுத் தல எண்ணாம வண்டி நகராதுங்களே. ஒரு அர மணி நேரம் நான் தொலஞ்சு போயிட்டா, உங்களுக்கு அர மணி நேரம். அந்தப் புள்ளயோட கணக்கு பாவம், வருஷக் கணக்கா நிக்குது."

எந்தப் புள்ள என்று கேட்டேன்.

"ஏத்தம் போட்ட புள்ள" என்றார்.

ஜெசிந்தாவுக்கு இப்போது எழுபத்தொரு வயதாகிறது என்று இங்கே குறித்து வைக்கிறேன்.

மே 8, திங்கள். மாலை.

ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

ஆற்றோரம் இறங்கிப் படியேறி நிமிர்ந்தால் எதிரே வேறு எதுவும் இல்லை, அதுதான் இருக்கிறது. கறுப்பாக இருக்கும் என்று என் கட்டுரையில் எழுதவில்லை. மழையும் புகையும் பட்டு, அடுப்பில் வெகுகாலம் இருந்த பாத்திரம்போலக் கறுத்த கல். இரண்டு கோபுரங்கள் நூற்று ஐம்பத்தேழு மீட்டர், எழுதியிருந்தேன். பார்க்கக் கழுத்து வலிக்கும் என்பதை எழுதவில்லை. உச்சியில் ஏற்றம் இல்லை. கொண்டுபோன தொலைநோக்கியில் நன்றாகவே பார்த்தேன். ஒரு பக்கம் பழுது பார்ப்பவர்களின் சாரம் மட்டும் இருந்தது.

வாசலில் எங்கள் குழு ஒரு சிறு குழப்பத்தை உண்டாக்கியது. கோயில் என்று கேள்விப்பட்டதும் பதினோரு பேர் செருப்பையும் ஷூவையும் கழற்றிக் கதவோரம் வரிசையாக வைத்துவிட்டார்கள். சிவப்பு அங்கி அணிந்த ஒரு காவலர் ஓடிவந்து கைகளை ஆட்டினார்.

"ஷூ ஸ்டாண்டு எங்கிருக்குதுன்னு கேளுங்க சார்" என்றார் தெய்வசிகாமணி.

ஷூவோடு போகலாம் என்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

"சாமி இருக்கிற எடத்துலயா?" என்றார். மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர் மட்டும் ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலுறையோடு நடந்தார். காவலர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையை லேசாகக் குனிந்து வழிவிட்டார்.

உள்ளே இருட்டு என்று கிருபாகரன் சொன்னது பொய். வண்ணக் கண்ணாடிகள் வழியாக வெயில் தூண்களில் நீலமும் சிவப்புமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஓவியரின் கைவிரல்களில் வாரம் முழுக்க இருந்த மைக்கறை நினைவுக்கு வந்தது. ஏன் என்று தெரியவில்லை. என் இருபத்திரண்டு வரியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். மனப்பாடமாகத்தான் இருக்கிறது. 'இப்பேராலயம் 1248ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு 1880இல் நிறைவுற்றது. இடையில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பணி நின்றிருந்தது.' ஏழாவது, எட்டாவது வரிகள்.

எட்டாவது வரியில் நின்றுவிட்டேன். பணி நின்றிருந்தது. அப்படியென்றால் முந்நூறு வருஷம் இது எப்படி இருந்திருக்கும்? இந்த வாக்கியத்தை எழுதியவன் நான். கேட்டுப் பார்த்தது இல்லை.

வெளியே வந்தபோது பன்னிரண்டு நிமிஷம் மீதி. சதுக்கத்தின் ஓரத்தில் பழைய படங்கள் விற்கும் சிறிய கடை. உள்ளே ஒரு வயதான அம்மாள் பின்னிக்கொண்டிருந்தார். அச்சுப் படியை எடுத்து அவர் முன் விரித்தேன்.

அவர் பின்னலை வைத்துவிட்டுப் பார்த்தார். ஏற்றத்தின் மேல் விரலை வைத்து, "கிரான்" என்றார். எழுந்து போய் ஒரு இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து என் படத்தின் பக்கத்தில் வைத்தார்.

அதே படம். மொட்டைக் கோபுரம், கீழே ஓட்டு வீடுகள், பின்னால் பாதிக் கோயில், உச்சியில் அந்தச் சாய்ந்த மரம். ஜெசிந்தாவின் கோடு இன்னும் சுத்தமாக இருந்தது என்பதைத் தவிர வித்தியாசமே இல்லை.

அந்த அம்மாள் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். நானூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கிரேன் அங்கேயே நின்றதாம். ஊரில் பிறந்தவர்கள், செத்தவர்கள், அவர்களின் பேரன்கள் எல்லோரும் கிரேன் இல்லாத கோபுரத்தைப் பார்த்ததே இல்லையாம்.

வேலைதான் நின்றுவிட்டதே, இறக்கியிருக்கலாமே என்று கேட்டேன்.

"இறக்கினால் இனி கட்டப் போவதில்லை என்று ஆகிவிடும் அல்லவா?" என்றார். பிறகு மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

அப்போதுதான் கிருபாகரனின் ஒலிபெருக்கி சதுக்கத்தில் கேட்டது. "தெய்வசிகாமணி அங்கிள்! தெய்வசிகாமணி அங்கிள்! எங்க இருந்தாலும்..." எண்ணிக்கை முப்பத்தேழிலேயே நின்றுகொண்டிருந்தது.

எனக்குக் கிடைத்த அரைமணி நேரத்தை அந்தக் கடையின் வாசற்படியில் உட்கார்ந்து கழித்தேன். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதலாம். பார்த்தது 1978ஐ. ஜெசிந்தா பிளேடைக் கையில் எடுத்தபோது ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் வரைந்தது என்னுடைய எட்டாவது வரியை. அதை நான் அவர் கையாலேயே சுரண்ட வைத்தேன்.

தெய்வசிகாமணியைக் கண்டுபிடித்தவன் கிருபாகரன்தான். ஆலயத்தில் கடைசி பெஞ்சில், ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தாராம். படகு போய்விட்டது. முப்பத்தாறு பேர் அவரோடு பேசவில்லை. அவர் என்னிடம் மட்டும் கேட்டார்.

"கிரேனுங்களா?"

"கிரேன்."

"அப்ப அந்தப் புள்ளகிட்ட சொல்லீருங்க."

மே 10, புதன். லூசெர்ன்.

பனி. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். தயிர் சாதம்.

கொலோன் கடையில் அந்த அம்மாளிடம் வாங்கிய கிரேன் பட அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியும் பழைய டைரியிலிருந்து புது டைரிக்கு முகவரிகளைப் பெயர்த்து எழுதுவது என் வழக்கம். இறந்தவர்களை விட்டுவிடுவேன். பட்டியல் ஆண்டுதோறும் சுருங்கி இப்போது ஒரு பக்கத்தில் முடிகிறது. ஜெசிந்தாவின் திருச்சி முகவரி அதில் பதினோரு வருஷமாக இருக்கிறது. பழைய அலுவலக நண்பர் ஒருவர் தற்செயலாகக் கொடுத்தது.

ஆக முகவரியை அட்டையில் எழுதியாயிற்று. வாசகம்தான் இல்லை. இதுவரை எழுதிப் பார்த்தவை: 'ஒரு திருத்தம் தெரிவிக்க விரும்புகிறேன்.' அடித்துவிட்டேன். 'தாங்கள் அன்று வரைந்த படம் தொடர்பாக.' இது மேல்முறையீடு மாதிரி இருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் இருபத்திரண்டு வரியில் ஒரு பேராலயத்தை அடக்கியவனுக்கு ஓர் அட்டை நிரப்ப வரவில்லை.

மே 11, வியாழன். லூசெர்ன்.

கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: 'மிஸ் ஜெசிந்தா, நீங்கள் வரைந்தது ஏற்றம் அல்ல, கிரேன். நேரில் வந்து பார்த்தேன். அன்று சிரித்தது தவறு. சபாநடேசன்.'

வாசித்துப் பார்த்தேன். 'தவறு' என்பது யாருடையது என்று தெளிவாக இல்லை. ஊருக்குப் போய் நிதானமாகத் திருத்தி உறையில் வைத்து அனுப்பலாம் என்று மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் அட்டை இல்லை.

"கீழ ஆபீஸ்ல அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டேனுங்க. இண்டியான்னு சொன்னேன். ஸ்டாம்பு ஒட்டிப் பொட்டியில போட்டுருச்சு" என்றார் தெய்வசிகாமணி.

"யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?"

"நீங்க குளிச்சிட்டிருந்தீங்களே."

ஒரு மணி நேரம் அவரோடு பேசவில்லை. ஆக முப்பத்தேழு பேர் ஆனோம்.

மே 15, திங்கள். மேற்கு மாம்பலம்.

வந்து சேர்ந்தேன். ஊறுகாய் புட்டி திறக்காமலே திரும்பியிருக்கிறது. கட்டடம் எப்படி என்று சாருலதா கேட்டாள். கட்டடத்தில் குறையில்லை என்றேன்.

மே 24, புதன்.

தபால்காரர் மின்வாரியச் சீட்டு தவிர வேறு எதுவும் கொண்டுவரவில்லை. நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் உட்காருவது காற்றுக்காக.

மே 31, புதன்.

காற்று.

ஜூன் 5, திங்கள்.

கடிதம் வந்தது. நீல மை, கோடு போடாத தாளில் கோடு போட்டதுபோல நேரான வரிகள். அப்படியே பெயர்த்து எழுதுகிறேன். பதிவுக்காக.

'சபாநடேசன் சாருக்கு,

அட்டை கிடைத்தது. நானும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு "இது யார் அக்கா, ஏற்றம் கீற்றம் என்று?" என்று கேட்டாள். சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது கிரேன் என்று எனக்கும் தெரியாது. அந்தப் பழைய புத்தகத்தில் இருந்தது, இருந்ததை வரைந்தேன். நானும் ஏற்றம் என்றுதான் நினைத்தேன். கோபுரத்து மேல் எதற்கு என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களிடம் கேட்கலாம் என்று பதினோரு மணிக்குக் காத்திருந்தேன். அதற்குள் நீங்களே சத்தமாகக் கேட்டுவிட்டீர்கள். ஆகவே நீங்கள் சிரித்தது பொருளைப் பற்றித் தவறில்லை. சிரித்த இடம்தான் தவறு. அதை மறுநாள் வந்து சொல்வீர்கள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் பார்த்தேன்.

இருபத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக் கொடுத்தேன். இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. ஆனாலும் வரைகிறேன்.

கோயில்காரர்கள் முந்நூறு வருஷம் வேலையை நிறுத்தினார்கள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நீங்கள் நாற்பத்தைந்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். பரவாயில்லை.

ஒரு விஷயம். சுரண்டுவதற்கு முந்திய படி ஒன்று உங்களிடம்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு என் மேஜையிலிருந்து நீங்கள் அதை எடுத்துப் பையில் வைத்ததை ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். அதை எனக்குத் திருப்பித் தர வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம். கசங்கிவிடும்.

ஜெசிந்தா.'

ஜூன் 6, செவ்வாய்.

அச்சுப் படி சட்டப்படி ஓவியரின் உடைமை. திருப்பிக் கொடுப்பது முறை. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டேன்.

தெய்வசிகாமணி மேட்டூரிலிருந்து பேசினார்.

"பதில் வந்துதுங்களா சார்?"

"வந்தது. அந்தப் படத்தைத் திருச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்."

"நானும் வரட்டுங்களா? நேரம் பத்தலைன்னா எங்காச்சும் தொலஞ்சு போறேன்."

வேண்டாம் என்றேன். எழும்பூர் போய் நாளைப் பகல் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர், "ரிட்டர்ன் என்னிக்கு சார்?" என்று கேட்டார்.

வேலை எவ்வளவு நாள் பிடிக்கும் என்று தெரியாததால் எடுக்கவில்லை.